ரயிலைக் கோக்கும் கொக்கி

பணி ஓய்வுக்குப் பிறகு பொழுது எப்படிப் போகிறது என்று கேட்பவர்களிடம், "ரயில் விடுகிறேன்" என்பேன். ரீல் இல்லை, நிஜம்தான். என்-ஸ்கேல் என்ற குட்டி ரயில். அசலில் 160-இல் ஒரு பங்கு. தண்டவாள அகலம் 9 மி.மீ. அமெரிக்காவிலிருந்து வரும்போதெல்லாம் மகன் இரண்டு பெட்டி கொண்டுவருவான்.

எல்லோரும் எஞ்சினைத்தான் பார்ப்பார்கள். ஆனால் ரயிலை ரயிலாக வைத்திருப்பது பெட்டிகளைக் கோக்கும் கப்ளர்தான்.

பழைய பெட்டிகளில் இருப்பது 'ரேப்பிடோ' கொக்கி. ஜெர்மனியின் அர்னால்டு கம்பெனி 1960-களில் கொண்டுவந்தது. முட்டினால் மாட்டிக்கொள்ளும், சுலபத்தில் விடாது. கழற்றத்தான் பெட்டியைக் கையால் தூக்க வேண்டும். மூன்று வருடமாக எனக்குக் கை நடுக்கம். ஒன்றைத் தூக்கினால் பக்கத்துப் பெட்டி தடம் புரளும். ரயிலை மூட்டை கட்டிப் பரணில் போடலாமா என்றுகூட யோசித்தேன்.

அப்போதுதான் காந்தக் கப்ளருக்கு மாறினேன். மைக்ரோ-டிரெயின்ஸ் தயாரிப்பு, கை விரல்களை மடக்கிக் கோத்த மாதிரி இருக்கும். கீழே ஒரு இரும்புக் கம்பி தொங்கும். தண்டவாளத்தின் நடுவில் காந்தம். அதன்மேல் ரயிலை நிறுத்திச் சற்றே பின்னுக்குத் தள்ளினால் இழுவிசை தளரும், கம்பிகள் எதிரெதிர்ப் பக்கம் விலகும், விரல்கள் திறக்கும். எஞ்சின் தனியே போய்விடும். கையே படவேண்டாம்.

மாற்ற நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் எறும்புக்கால் அளவு, துள்ளினால் போச்சு. பாலிதீன் பைக்குள் கையை விட்டு வேலை செய்யுங்கள். இல்லையென்றால் கப்ளர் பொருத்திய சக்கரத் தொகுதியாகவே வாங்கிவிடலாம். எல்லாக் கப்ளரும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். மேடான இடத்தில் ரயில் அறுந்தால் முதலில் அதைப் பாருங்கள். கம்பி தாழ்ந்திருந்தால் தடம் பிரியும் இடத்தில் இடிக்கும். எண்ணெய் விடாதீர்கள், தூசி ஒட்டும். பூட்டுக்குப் போடும் கிராஃபைட் தூள் போதும். ஸ்பிரிங் இருப்பதால் கடைசிப் பெட்டி முன்னும் பின்னும் ஊசலாடும். அதன் அச்சில் லேசாக ஒரு உராய்வு வைத்தால் அடங்கும். வளைவு குறுகலாக இருந்தால் கப்ளர் சக்கரத் தொகுதியில் இருக்கட்டும். பின்னோக்கித் தள்ளுவதே அதிகம் என்றால் பெட்டியின் அடியில் பொருத்துவது நல்லது.

இதன் மூலக்கதையும் கையைப் பற்றியதுதான். அந்தக் காலத்து அமெரிக்க ரயில்களில் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே ஆள் நின்று வளையத்தைக் கோத்து, ஆணி செருக வேண்டும். விரலை இழந்தவர்கள் ஏராளம், உயிரை இழந்தவர்களும் உண்டு. 1873-இல் ஈலை ஜேனி என்பவர், மடக்கிய விரல்கள் போலத் தானே கோத்துக்கொள்ளும் கப்ளருக்குக் காப்புரிமை பெற்றார். தானியங்கிக் கப்ளர் கட்டாயம் என்று 1893-இல்தான் சட்டம் வந்தது. இருபது வருடம்! அதற்குள் எத்தனை கைகள் போயினவோ.

என் நடுக்கம் அவர்கள் பட்டதற்கு முன் ஒன்றுமே இல்லை. ஆனாலும், மனிதன் கையை நடுவில் விடாமல் பெட்டியைக் கழற்ற ஒருவர் யோசித்ததால்தான் எனக்கும் ரயில் ஓடுகிறது. மாதம் இரண்டு பெட்டி வீதம் மாற்றிக்கொண்டிருக்கிறேன். இன்னும் பதினாறு பாக்கி. அவசரமில்லை.