நடப்படாத தோட்டம்

யாழ்ப்பாணத்துச் செம்பாட்டு மண்ணில் கார்த்திகை, மார்கழியிலேதான் உருளைக்கிழங்கு நடுவார்கள். ஆனால் என் ஐயாவுக்கு அந்த வேலை ஆவணியிலேயே தொடங்கிவிடும்.

மண்வெட்டியால் ஓரடி ஆழத்துக்குச் சால் எடுத்து, பூவரசங்குழையும் கிளுவங்குழையும் இட்டுத் தாழ்ப்பார். அதன்மேல் உக்கிய மாட்டெருவைப் பரப்பி மண்ணால் மூடுவார். குழை உக்கியபின் மீண்டும் கொத்தி, கட்டி உடைத்துப் புழுதியாக்குவார். கட்டி மண்ணில் கிழங்கு கோணலாகும். நீர் தேங்கினால் அழுகிவிடும். "மண்ணுக்கு அவசரம் தெரியாது, தம்பி" என்பது அவர் வழக்கமாகச் சொல்வது.

1995இலும் அவ்வாறே குழை தாழ்த்திவிட்டு விதைக்கிழங்குக்குக் காத்திருந்தார். ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கி நடக்கத் தொடங்கியது. கொழும்பில் பத்திரிகையொன்றின் செய்தி மேசையில் இருந்த நான், இடம்பெயர்ந்தோர் தொகையைத் திருத்தித் திருத்தி எழுதிக்கொண்டிருந்தேன். அந்தத் தொகையில் ஐயாவும் ஒருவர். எங்கே நிற்கிறார் என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை.

1996 சித்திரையில் ஊர் திரும்பியவர், ஓடு இழந்த வீட்டைப் பார்க்கவில்லை. அயலவரிடம் மண்வெட்டி இரவல் வாங்கிக்கொண்டு நேரே தோட்டத்துக்குப் போனாராம். கோரையும் பூண்டும் முழங்காலளவு வளர்ந்திருந்தன. கொத்தியபோது மண் பொலபொலவென உதிர்ந்தது. குழை முழுவதும் உக்கிக் கறுத்திருந்தது.

"நாங்கள்தான் நடவில்லை. மண் தன் வேலையை முடித்து வைத்திருக்கிறது" என்று எனக்குக் கடிதம் எழுதினார். அந்த ஆவணியில் மறுபடியும் குழை வெட்டப் புறப்பட்டார்.

அக்காலத்தில் நான் இட்ட தலைப்புகளில் ஒன்றேனும் இன்று நினைவில் இல்லை. அந்தக் கடிதம் இருக்கிறது.