உறைமோர்

தலைநகரின் அரசுக் குடியிருப்பில் எந்த வீட்டில் இன்று வெங்காய சாம்பார் என்பது மாடிப்படி ஏறும்போதே தெரிந்துவிடும். ஆகவே, "எங்களுக்கு ஒன்றும் தெரியாது" என்று 2009ஆம் ஆண்டில் நாங்கள் சொல்லிக்கொண்டது பொய்.

அப்போது தில்லி இராமகிருஷ்ணபுரத்தில் எங்களுக்கு மேல் வீட்டில் ஒரு தமிழ்க் குடும்பம் குடியிருந்தது. கணவர் என்னைப் போல் ஓர் எழுத்தர், பழக இனியவர், பொங்கல் விழாப் பந்தியில் பரிமாற முதலில் நிற்பவர். அவருடைய ஏழு வயது மகன் இரவு ஒன்பதரை மணிக்குக் கிண்ணத்துடன் எங்கள் வாயிலில் வந்து நிற்பான். "அத்தை, அம்மா உறைமோர் வாங்கிவரச் சொன்னாங்க."

ஒரே வாரத்தில் மூன்று முறை வந்தான். "நாள்தோறும் தயிர் தோய்க்கும் வீட்டில் உறைமோர் எப்படித் தீரும்?" என்று என் மனைவி கேட்டாள். அக்கேள்வியின் பொருள் எனக்கு விளங்காமல் இல்லை. "அடுத்தவர் குடும்ப விஷயம், நமக்கெதற்கு?" என்றேன். மோரை வாங்கிக்கொண்டு போகும் சிறுவன் மேலே சத்தம் அடங்கும் வரை நடுப்படியில் அமர்ந்திருப்பான். அதையும் அறிவேன். நானோ தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டி வைத்தேன். இத்தனைக்கும் முந்தைய ஆண்டு அதே பெட்டியில்தான் 'பெல் பஜாவோ' விளம்பரம் வந்தது. அடிதடி கேட்கும் வீட்டின் அழைப்பு மணியை அழுத்தி, ஏதேனும் ஒரு சாக்குச் சொல்லி நில்லுங்கள் என்பது அதன் செய்தி. நன்றாக எடுத்திருக்கிறார்கள் என்று பாராட்டியவன் நான்!

நவராத்திரியில் அந்த அம்மையார் கொலுவுக்கு வந்தார். நெற்றி ஓரத்தில் காயம். பெண்கள் குங்குமம் கொடுத்தார்கள், எவரும் கேட்கவில்லை. அவருக்கு இந்தி வராது. அவர் தம் மொழியில் தட்டக்கூடிய கதவு அக்கட்டடத்தில் எங்களுடையது ஒன்றே.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் 2006 அக்டோபர் 26 முதலே நடைமுறையில் இருந்தது. பாதிக்கப்பட்டவர்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை. அறிந்தவர் எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்துடன் தந்தவர்மீது வழக்கு ஏதும் வராது. நாளெல்லாம் விதிகளைக் காட்டிக் குறிப்பெழுதும் நான் அவ்விதியைப் பின்னரே படித்தேன்.

2010இல் ஊரிலிருந்து தமையன் வந்து அவரையும் சிறுவனையும் அழைத்துச் சென்றார். இடச்செவி கேட்கவில்லை என்று போகும்போதுதான் சொன்னார். சிறுவனின் கிண்ணம் எங்களிடமே தங்கிவிட்டது.

சென்ற குளிர்காலத்தில், இப்போதிருக்கும் குடியிருப்பில், எதிர்வீட்டில் அதே ஓசை கேட்டது. கை நடுங்கியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அக்கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சென்று மணியை அழுத்தினேன். கதவு திறக்க நேரமாயிற்று. "தோடா ஜாமன் மிலேகா?" என்றேன். அந்த மனிதர் என்னையும் கிண்ணத்தையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளே சத்தம் நின்றிருந்தது.

மறுநாள் என் மனைவி அப்பெண்மணிக்கு மகளிர் உதவி எண் 181ஐ எழுதிக் கொடுத்தாள். அவர் இன்னும் அழைக்கவில்லை. நான் பிறகும் இருமுறை உறைமோர் கேட்கப் போய்விட்டேன்.