உடலா, மூளையா?

கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியை அண்டிய ஓர் ஒழுங்கையில் என் நண்பருக்கு ஒரு சிறு பட்டறை உண்டு. அங்குள்ள சி.என்.சி. மில்லிங் இயந்திரத்துக்கு இருபத்தைந்து வயதாகிறது. அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி அடிக்கடி நின்றுவிடுகிறது; அதற்குரிய உதிரிப்பாகங்களும் கிடைப்பதில்லை. சென்ற வாரம் வெள்ளவத்தையிலிருந்து நான் அங்கு போனபோது, "அண்ணை, இதை வித்துப்போட்டுப் புதுசு எடுக்கிறதோ, இல்லாட்டி மூளையை மட்டும் மாத்துறதோ?" என்று கேட்டார்.

பத்திரிகைக்காரனிடம் கேட்கும் கேள்வியா இது என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால், உறவு ஒன்று உண்டு. 1952இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் எண்களால் இயங்கும் மில்லிங் இயந்திரத்தைக் காட்டியபோது, அதற்குக் கட்டளையிட்டது துளையிட்ட காகித நாடா. அதன் உறவுக்கார நாடாவை எங்கள் டெலிபிரிண்டர் அறையில் நான் கையாண்டிருக்கிறேன். கணினி வந்தபோது ஈய எழுத்துகளை நிறைக்கு விற்றோம். அவற்றைக் கண்ணை மூடிக்கொண்டே கோக்கத் தெரிந்தவர்களையும் வீட்டுக்கு அனுப்பினோம். அந்த முகங்களை நான் மறக்கவில்லை.

நண்பரின் பட்டறையிலும் இருவர் அந்த இயந்திரத்தை நம்பி வாழ்கின்றனர். புதியது வாங்கக் கடன் வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டதைக் கண்டவர் அவர். கடன் என்றாலே அஞ்சுகிறார்.

"அச்சத்தை விடுங்கள், முதலில் அளந்து பாருங்கள்" என்றேன். டயல் கேஜை வைத்து மேசையை முன்னும் பின்னும் நகர்த்தினார். திரும்பும்போது இழக்கும் தூரத்தை இரு முனைகளிலும் நடுவிலும் குறித்தார். வேலை பெரும்பாலும் நடுவில்தான் நடக்கும். தேய்வும் அங்கேதான் மிகும். நடுப்பகுதி மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால், அதை இறுக்கும்போது முனைகள் சிக்கிக்கொள்ளும். அத்தகைய உடலுக்குப் புதிய மூளை பொருத்துவது வீண்செலவு.

மூன்று இடங்களிலும் அளவு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. வார்ப்பிரும்பு உடல் இன்னும் உறுதியாக நின்றது.

மூளையை மாற்றுவதென முடிவாயிற்று. மின்கலம் தீர்ந்தால் பழைய பெட்டியின் நினைவு அழிந்துவிடும். ஆகவே அதிலுள்ள அளவுக் குறிப்புகளை அந்த இருவரும் அன்றிரவே கொப்பியில் எழுதத் தொடங்கினர். எங்கள் அச்சுக்கோப்பாளர்களுக்குத் தெரிந்தவற்றை எழுதி வைத்துக்கொள்ள அன்று எவருக்கும் தோன்றவில்லை.