ஆளுக்கொரு சாவி

மக்களே, இது ஆணி புடுங்குற பதிவுதான். ஆனா நடுவுல கொஞ்சம் மனுசங்க விஷயமும் வரும், ஓடிராதீங்க :-)

1995ல ஃபின்லாந்துல, ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்ல யாரோ ஒட்டுக்கேட்டு பாஸ்வேர்டுகளை அள்ளிட்டாங்க. அதுக்கப்புறம் அங்க இருந்த டாட்டு இலோனன் எழுதினதுதான் எஸ்எஸ்ஹெச். இன்னிக்கு நாம கிட் ரெப்போவுக்குக் கோட் ஏத்துறதும் பல நேரம் அது வழியாத்தான்.

நண்பர்கள் நாலு பேர் ஒரு வாடகை சர்வர்ல சொந்தமா ரெப்போ வச்சிருக்கோம். 'கிட்'னு ஒரே ஒரு யூசர், நாலு பேருக்கும் பொதுவா ஒரு பாஸ்வேர்டு. "அதைத் தூக்கிட்டு ஆளுக்கொரு சாவி வச்சுக்கலாம்"னு நான் சொன்னதும் ஒருத்தன் முறுக்கிக்கிட்டான். "ஏன் மச்சி, எங்க மேல நம்பிக்கை இல்லையா?"

நியாயமான கேள்விதான். நான் சொன்ன பதில் இது. கிட்ல கமிட் பண்றப்ப யார் பேரை வேணும்னாலும் போட்டுக்கலாம், அது கேட்காது. பொதுப் பாஸ்வேர்டு வெளிய கசிஞ்சு எவனோ உள்ள வந்தா, சர்வர் லாக்ல ஆள் பேரா 'கிட்'னு மட்டும்தான் இருக்கும். அன்னிக்கு நாலு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்துக்கணும். சாவி முறையில எந்தச் சாவி உள்ள வந்துச்சுன்னு அதோட கைரேகை லாக்ல பதிவாகும். சந்தேகத்துக்கு வேலையே இல்லை. பய சமாதானமாயிட்டான்.

செய்முறை சின்னதுதான். அவங்கவங்க மெஷின்ல எஸ்எஸ்ஹெச்-கீஜென் ஓட்டணும். ஈடி25519 வகை போதும். 2023ல வந்த ஓபன்எஸ்எஸ்ஹெச் 9.5லேர்ந்து நாம கேக்காமலே அதைத்தான் தருது. ரெண்டு ஃபைல் வரும். பப்ளிக் கீ பூட்டு மாதிரி, யார்கிட்ட வேணும்னாலும் குடுக்கலாம். பிரைவேட் கீதான் சாவி, அது மெஷினை விட்டு நகரவே கூடாது. லாகின் பண்றப்பகூட அது சர்வருக்குப் போறதில்லை, அது போட்ட கையெழுத்துதான் போகுது. அதுக்கு ஒரு பாஸ்ஃப்ரேஸும் வச்சிருங்க.

பப்ளிக் கீயை சர்வர்ல ஆதரைஸ்டு கீஸ் ஃபைல்ல ஆளுக்கு ஒரு வரியா ஒட்டணும். ஃபைலுக்கு 600, அது இருக்கிற டைரக்டரிக்கு 700 பெர்மிஷன். கிட் யூசருக்கு கிட்-ஷெல் குடுத்துட்டா கோட் ஏத்தலாம், இறக்கலாம், சாதாரண ஷெல் கமாண்டு எதையும் ஓட்ட முடியாது.

ரெண்டு மாசத்துல ஒருத்தனோட லேப்டாப் ரயில்ல தொலைஞ்சுது. அவன் போன் பண்ணினான், நான் அவனோட வரியை அழிச்சேன். மத்த மூணு பேருக்கும் எதுவும் மாறலை. பாஸ்ஃப்ரேஸ் இருந்ததால அந்த இடைவெளியிலயும் பதட்டம் இல்லை.

உங்க சர்வர்லயும் அந்த ஃபைலை ஒருதடவை தொறந்து பாருங்க. யாரோடதுன்னு தெரியாத வரி இருந்தா விசாரிச்சுட்டு இன்னிக்கே தூக்கிருங்க.

டிஸ்கி: பாஸ்வேர்டு லாகினை நிறுத்துறப்ப, ஏற்கனவே தொறந்திருக்கிற விண்டோவை மூடாம, இன்னொரு விண்டோவுல சாவி வேலை செய்யுதான்னு பார்த்துக்கோங்க. இல்லைன்னா நம்ம வீட்டுக்கு வெளியவே நாம நிக்கணும் :-)