டர்போ போச்சு என்பார்கள்

பிக்கப் இல்லாமல், பின்னால் நீலப் புகை கக்கும் டீசல் காருக்கு எந்த ஊரிலும் ஒரே தீர்ப்புதான்: "டர்போ போச்சு." அதை எடுத்த எடுப்பில் ஒப்புக்கொள்ளாத ஓர் உஸ்தாத் செகந்திராபாத் ராணிகஞ்சுப் பக்கம் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். உதிரிபாகக் கடைகளைத் தாண்டி, பின்சந்தில் தகரக் கூரைப் பட்டறை. பையன்கள் அவரிடம் தக்கனி உருதில் பேசுகிறார்கள், டாக்சிக்காரர்கள் தெலுங்கில்.

வந்து நின்றது ஒரு டிசையர் டாக்சி. ஃபியட் வடிவமைத்த 1,248 சிசி டீசல் இன்ஜின். மாருதி, டாடா, ஃபியட் எல்லாரும் இதையே பொருத்தி விற்றதால் 'தேசிய இன்ஜின்' என்று பாதி கேலியாகப் பெயர் வாங்கியது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 மாசு விதி வந்ததும் மாருதி டீசலையே விட்டுவிட்டது. வாங்கினவர்களால் விட முடியுமா? இந்த ஓட்டுநரிடம் வேறொரு பட்டறையில் டர்போவை மாற்றியே ஆகவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

உஸ்தாத் முதலில் ஆயில் மூடியைத் திறந்து வைத்து இன்ஜினை ஓடவிட்டார். குபுகுபுவென்று புகை தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, கோளாறு டர்போவில் இல்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். இதில் லேசாகத்தான் வந்தது. அடுத்து காற்று ஹோஸைக் கழற்றினார். உள்ளே விரலில் ஒட்டும் அளவு ஆயில் பூச்சு இருந்தால் பயமில்லை. கிராங்க்கேஸின் ஆவி அந்த வழியாகத்தான் திரும்புகிறது. இங்கே பூச்சு இல்லை, தேங்கியே இருந்தது. அந்தக் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரை இறக்கிக் கவிழ்த்தபோது கரிய ஆயில் கொழகொழவென்று தட்டில் விழுந்தது.

ஆயில் டர்போவுக்குள் இருப்பது இயல்புதான். வெளியேறும் புகையின் விசையில் ஒரு சக்கரம் சுழல, அதே தண்டின் மறுமுனைச் சக்கரம் இன்ஜினுக்குள் காற்றை அமுக்குகிறது. ஆல்ஃபிரட் பூக்கி என்ற சுவிஸ் பொறியாளர் 1905இல் காப்புரிமை வாங்கிய யோசனை. சின்னக் கார்களின் டர்போ நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றைத் தொடும். பெரும்பாலானவற்றில் பால்பேரிங் கிடையாது. தண்டு ஆயில் படலத்தில் மிதக்கிறது. ஆயில் மேலிருந்து அழுத்தத்தோடு வருகிறது, ஆனால் தானாக வடிந்துதான் கீழே இறங்க வேண்டும். நோய் பிடிப்பது அந்த இறங்கு வழியில்.

டர்போவை மேசையில் வைத்து என் விரலைப் பிடித்துத் தண்டின் நுனியில் வைத்தார். பக்கவாட்டில் துளி அசைந்தது. அது இருக்கும், படலத்துக்கு இடம் வேண்டுமே. நெடுக்காக இழுத்துத் தள்ளினேன், அசைவே தெரியவில்லை. அந்தத் திசையில் விரலுக்குத் தெரிகிற மாதிரி ஆடினால் தேய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அசைவை அளக்கும் டயல் கேஜ் அலமாரியில் இருந்தது. சந்தேகம் வந்தால்தான் எடுப்பாராம். பிறகு டார்ச் அடித்து இறக்கைகளின் ஓரம் பார்த்தார். கூட்டில் உரசிய பளபளப்பு இல்லை, ஃபில்டரைத் தாண்டி வந்த தூசி அரித்த பொரிவும் இல்லை.

ஆயில் இறங்கும் பைப்பைக் கழற்றியதும் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. கெட்டிப்பட்ட கரி பாதி வழியை அடைத்திருந்தது. வேகமாக ஓட்டி வந்து உடனே சாவியைத் திருப்பினால், சூட்டில் நிற்கும் ஆயில் கருகி இப்படித்தான் படியும்; ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டாலும் அதே கதை. வடிய வழியில்லாத ஆயில் சீலைத் தாண்டிக் காற்றுப் பாதைக்குள் போகிறது. அந்த சீல் ரப்பர் அல்ல, பிஸ்டன் ரிங் மாதிரி ஒரு சின்ன உலோக வளையம். எதிர்த்து நிற்கும் ஆயிலை அது எவ்வளவுதான் தடுக்கும்? இதைப் பார்க்காமல் புது டர்போ போட்டிருந்தால் அதுவும் சீக்கிரமே ஆயில் கக்கியிருக்கும்.

சுத்தம் செய்வது பையன்கள் வேலை. காற்று நுழையும் மேனிஃபோல்டில் புகைக்கரியும் ஆயிலும் குழைந்து தார் போல அப்பியிருந்ததை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டி, டீசலில் ஊறவைத்து, பிரஷ் போட்டார்கள். கையுறை இல்லை, முகமூடி இல்லை. நகக்கண் கறுப்பு சோப்புக்குப் போவதில்லை. வாகன ஓட்டிகளான நாம் கொடுக்கும் கூலியில் இதற்குப் பங்கே இல்லை என்பது என்னை உறுத்தியது. வடிந்த கழிவு ஆயில் டிரம்முக்குப் போயிற்று. கழுவிய டீசலோ பாதி தரையில். அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளருக்கே கழிவு ஆயில் போகவேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள் சொல்கின்றன. விதியை இந்தச் சந்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பவர் யாரோ.

இன்டர்கூலரை மட்டும் உஸ்தாத் தானே மறுபடி கவிழ்த்துப் பார்த்தார். அதில் தங்கும் ஆயிலையே டீசல் இன்ஜின் எரிபொருளாகக் குடித்துத் தறிகெட்டு ஓடக்கூடும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. மாட்டும்போது டர்போவில் ஆயில் நுழையும் துளையில் கொஞ்சம் ஆயில் ஊற்றினார். ஓட்டுநர் சாவியில் கைவைத்ததும் "ஸ்டார்ட் நக்கோ!" என்று ஒரு அதட்டல். முதலில் எரிபொருளைத் துண்டித்துச் சும்மா சுற்றவிட்டு, ஆயில் ஏறிய பிறகே ஸ்டார்ட்.

உங்கள் வண்டிக்கும் ஒருநாள் "டர்போ போச்சு" என்று சொல்வார்கள். பணம் கொடுக்குமுன் அந்த ஆயில் பைப்பைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். தண்டை உங்கள் விரலாலேயே ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.