பொங்குமாங்கடலும் ஓர் அரியரும்

பன்னிரண்டாம் வகுப்பு வரை எனக்கு அது ‘வகைக்கெழுச் சமன்பாடு’. தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர்தான். அந்த டவுன் பஸ்ஸில் போய் இறங்கிக் கல்லூரிக்குள் நுழைந்ததும் அதுவே ‘டிஃபரென்ஷியல் ஈக்குவேஷன்’ ஆகிவிட்டது. பெயர்தானே மாறியிருக்கிறது என்று நினைத்தேன். கூடவே பயமும் வந்தது.

நான் படித்த விதம் இதுதான். கணக்கைப் பார்த்ததும் அது எந்த வகை என்று கண்டுபிடிப்பேன். மாறிகளைப் பிரிக்கலாமா, சமபடித்தானதா, நேரியலா? வகை தெரிந்துவிட்டால் மனப்பாடம் செய்த வழியில் ஓடிவிடலாம். இரண்டாம் வருடத் தேர்வில் சமன்பாட்டையே தராமல் ஒரு தொட்டியைத் தந்துவிட்டார்கள். உள்ளே உப்புநீர் வருகிறது, வெளியே போகிறது, உப்பு எவ்வளவு? பேனாவை மூடி வைத்துவிட்டேன். அந்த ஒரு கணக்கால் மட்டும் ஃபெயில் ஆகவில்லை, ஆனால் அதற்குப் பிறகு எதையும் ஒழுங்காக எழுதவில்லை.

மெயின் அருவிக்குப் போகும் வழியில் அப்பாவுக்கு சீசன் கடை. எண்ணெய், சீயக்காய், துண்டு. அரியர் என்று அவரிடம் சொல்ல எனக்கு இரண்டு வாரம் ஆனது.

“அப்படி என்னட்டி கேட்டான்?”

சொன்னேன்.

“இது நம்ம பொங்குமாங்கடல்லா?”

மெயின் அருவி நேராகக் கீழே விழுவதில்லை. நடுவில் பாறைக்குழி ஒன்றில் விழுந்து, பொங்கி, அங்கிருந்துதான் நம் தலைக்கு வருகிறது. அந்தக் குழிதான் பொங்குமாங்கடல். கணக்கில் ‘நன்கு கலக்கப்படுகிறது’ என்று ஒரு வரி வரும். அருவிக்குக் கீழே கலக்குவதற்கு ஆள் வேண்டுமா என்ன!

“வெள்ளம் வடிஞ்சப்புறம் பாரு. பாதிக் கலங்கல் சடார்னு தெளிஞ்சிரும். மிச்சம்தான் இழுக்கும்.”

அன்றைக்கு ராத்திரி எழுதிப் பார்த்தேன். 1,000 லிட்டர் தொட்டி முழுக்கக் கலங்கல். நிமிடத்துக்கு 10 லிட்டர் நல்ல தண்ணீர் உள்ளே, 10 லிட்டர் கலங்கல் வெளியே. இருப்பதில் நூறில் ஒரு பங்கு என்ற வேகத்தில்தான் அழுக்கு போகும். இருப்பது குறையக் குறைய, போவதும் குறையும். ஏறத்தாழ 69 நிமிடத்தில் பாதி, அடுத்த 69 நிமிடத்தில் மிச்சத்தில் பாதி. முழுசாகத் தீரும் நேரம் என்று ஒன்று அந்தச் சமன்பாட்டில் கிடையவே கிடையாது. அப்பா சொன்ன ‘இழுக்கும்’ அதுதான். வகையைத் தேடுவதற்கு முன்னால் நான் எழுதியிருக்க வேண்டியது ஒரே வரி: மாறும் வேகம் என்பது உள்ளே வருவதிலிருந்து வெளியே போவதைக் கழித்தது.

கொஞ்ச நாள் தலைக்கனமாகவே திரிந்தேன்.

2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம். 17 வயது மாணவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனான். நாங்கள் வீடியோவில்தான் பார்த்தோம். குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிதறி ஓடுகிறார்கள். என்னைவிட மூன்று வயது சின்னவன்.

அந்த ஒரு வரியை மறுபடி நோட்டில் எழுதினேன். ‘உள்ளே வருவது’ என்ற இடத்தில் என்ன போடுவது? கணக்கில் அதை எப்போதும் தந்துவிடுவார்கள், நிமிடத்துக்கு 10 லிட்டர் என்று. மேலே காட்டுக்குள் பெய்த மழை கீழே நிற்பவனுக்கு எப்படித் தெரியும்?

“நீங்களா இருந்தா கண்டுபிடிச்சிருப்பீங்களாப்பா?”

“சருகும் சுள்ளியும் முதல்ல வந்தா சொல்லிரலாம். தண்ணியே முதல்ல வந்தா?”

சில நாள் அருவிகளில் குளிக்கத் தடை. கடை பூட்டியே கிடந்தது. நான் வீட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த தேர்வில் தொட்டிக் கணக்கு வரவில்லை. பாஸ். ரிசல்ட் வந்த அன்று அப்பா பிரானூர் பார்டரில் பரோட்டா வாங்கித் தந்தார். தென்காசிக்குத் திரும்பும் வழியில் பைக்கை ஓரங்கட்டி மலையைப் பார்த்தார். உச்சி தெரியாதபடிக்கு மேகம்.

“மேல பெய்யுதுட்டி.”

எங்கள் மேல் ஒரு சொட்டு விழவில்லை.