அண்ணாந்து பார்ப்பதற்கென்றே செதுக்கியவை

புளோரன்ஸுக்குப் போகிற பலர் டொனாடெல்லோவைப் பார்க்க நேரே பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தின் படியேறுகிறார்கள். அங்கே ஒரே கூடத்தில், நல்ல வெளிச்சத்தில், நெருங்கிப் பார்க்கிற தூரத்தில் அவருடைய சிலைகள் நிற்கின்றன. வசதிதான். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை வேறு இடங்களுக்காகச் செய்யப்பட்டவை. ஒன்று தெருவோர மாடத்துக்கு, ஒன்று தேவாலயத்தின் உச்சிக்கு, ஒன்று அரண்மனை முற்றத்துப் பீடத்துக்கு. கல்லில் உளி படுவதற்கு முன்பே, பார்க்கப்போகிறவர் எங்கே நிற்பார், எவ்வளவு அண்ணாந்து பார்ப்பார், அந்த இடத்துக்கு வெயில் எப்படி வரும் என்றெல்லாம் யோசித்தவர் டொனாடெல்லோ. அந்த யோசனையைப் புரிந்துகொள்ள நடந்துதான் ஆக வேண்டும்: முதலில் இடம், பிறகு சிலை. நகரத்தின் பழைய பகுதி சிறியது, வாகனத் தொல்லையும் குறைவு. ஒரு நாள் போதும்.

ஓர்சான்மிக்கேலேயிலிருந்து தொடங்குவோம். பெயருக்குத் தேவாலயம், ஆனால் சதுரமாக, உயரமாக, கிடங்கு போல இருக்கும். 1337-இல் தானியச் சந்தையாகக் கட்டத் தொடங்கிய கட்டடம் அது. பின்னர் கீழ்த்தளம் வழிபாட்டு இடமானது; மேலே தானியம் சேமித்தார்கள். வெளிச்சுவரைச் சுற்றிலும் பதினான்கு மாடங்கள். ஒவ்வொரு மாடத்திலும் தங்கள் காவல் புனிதரை நிறுத்தும் பொறுப்பு நகரத்தின் தொழிற்குழுக்களுக்கு. குழுக்கள் ஆண்டுக்கணக்கில் தட்டிக்கழிக்கவே, 1406-இல் நகராட்சி பத்தாண்டு கெடு வைத்தது. கெடு வந்ததும் வேலை குவிந்தது. சரியாக அந்த நேரத்தில் இருபது வயதைத் தொட்டுக்கொண்டிருந்தார் டொனாடெல்லோ.

அவர் 1386-ஐ ஒட்டிப் பிறந்தவர். தந்தை நிக்கோலோ கம்பளி சிக்கெடுக்கும் தொழிலாளி. 1378-இல் கம்பளித் தொழிலாளிகள் அதிகாரத்தைக் கைப்பற்ற எழுந்த சியோம்பி கலகத்தில் பங்கெடுத்தவர். மகன் கிபெர்டியின் பட்டறையில் வேலை கற்றார். ஞானஸ்நான ஆலயத்தின் வெண்கலக் கதவுகளுக்காக 1401-இல் அறிவிக்கப்பட்ட போட்டியில் வென்றவர் அந்த கிபெர்டி. தோற்றவர் புரூனெல்லெஸ்கி. இந்தத் தோற்றவரும் டொனாடெல்லோவும் நெருங்கிய நண்பர்களானார்கள். இருவரும் ரோமாபுரிக்குப் போய் இடிபாடுகளைத் தோண்டி அளந்துகொண்டிருந்ததைப் பார்த்து, இவர்கள் புதையல் தேடுகிறவர்கள் என்று ஊரார் பேசிக்கொண்டார்களாம். புரூனெல்லெஸ்கியின் வாழ்க்கையை எழுதிய மனெட்டி சொல்கிறார்.

கட்டடத்தின் தெற்குப் பக்கம் வாருங்கள். லினன் துணிக்காரர் குழுவுக்காக 1411-இல் ஒப்பந்தமான புனித மாற்கு இங்கேதான் நின்றார். இப்போது நிற்பது பிரதி. மூலச் சிலை இதே கட்டடத்தின் மேல்தளத்தில் உள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி ஒரு கதை சொல்கிறார். தரையில் வைத்து இந்தச் சிலையைக் காட்டியபோது குழுத் தலைவர்களுக்குப் பிடிக்கவில்லை. மாடத்தில் ஏற்றிவிட்டு இன்னும் கொஞ்சம் செதுக்கிச் சரிசெய்கிறேன் என்றார் டொனாடெல்லோ. ஏற்றினார், துணி போட்டு மூடினார், பதினைந்து நாள் ஒன்றுமே செய்யவில்லை. துணியை விலக்கியதும் எல்லோரும் அதிசயித்துப் போனார்கள். வசாரியின் கதைகளை அப்படியே நம்ப வேண்டியதில்லை. இந்தக் கதைக்குள் இருக்கும் விஷயத்தை மட்டும் நம்பலாம். எதிர்ச் சாரியில் நின்று ஒருமுறை, சுவரோரம் நின்று ஒருமுறை பார்த்தால் நமக்கே தெரியும். மாற்கின் உடல் எடை முழுவதும் ஒரு காலில் இறங்குகிறது. அந்தக் காலின் மேல் துணி தூணின் வரிப்பள்ளங்கள் போல நேராக விழுகிறது. தளர்ந்த காலின் மேல் மடங்கிச் சாய்கிறது. ஆடைக்குள் ஒரு உடம்பு இருக்கிறது என்று கல் சொல்கிறது. துணி வியாபாரிகளின் புனிதர் என்பதால் காலடியில் ஒரு மெத்தையும் உண்டு.

வடக்குச் சுவரில் கவசமும் வாளும் செய்கிறவர்களின் மாடம். அவர்களுடைய புனித ஜார்ஜை 1417-ஐ ஒட்டி டொனாடெல்லோ முடித்தார். மற்ற மாடங்களைவிட இதற்கு ஆழம் குறைவு. சுவருக்குப் பின்னால் மாடிப்படி ஓடுகிறது. வேறொரு சிற்பி இதைக் குறையாக நினைத்திருப்பார். டொனாடெல்லோ வீரனை மாடத்தின் விளிம்புக்கே கொண்டுவந்து, தெருவுக்குள் காலெடுத்து வைக்கிறவனைப் போல நிறுத்திவிட்டார். தலையிலும் கையிலும் உள்ள துளைகளைப் பார்த்தால் ஒருகாலத்தில் உலோகத்தில் தலைக்கவசமும் ஆயுதமும் பொருத்தியிருந்தது தெரிகிறது. ஆயுதம் செய்கிறவர்களுக்கு இதைவிட நல்ல விளம்பரம் ஏது? ஆயினும் அந்த முகத்தில் வெற்றிக் களிப்பு இல்லை. புருவம் நெரிந்திருக்கிறது. இன்னும் சண்டை தொடங்கவில்லை.

பீடத்தில் உள்ள பலகையைக் குனிந்து பாருங்கள். ஜார்ஜ் நாகத்தைக் குத்தும் காட்சி. டொனாடெல்லோவின் பெரிய கண்டுபிடிப்பு இந்தச் சிறிய கல்லில்தான் தொடங்குகிறது. முன்னே நிற்கும் குதிரை மட்டும் சற்றுப் புடைத்திருக்கிறது. பின்னால் மரங்களும் மண்டபத்தின் வளைவுகளும் கல்லின் மேல் கீறல் அளவுக்கே இருக்கின்றன. ஆழமே இல்லாத கல்லில் கண்ணுக்கு மட்டும் தூரம் தெரிகிறது. தூரம் போகப்போகக் கோடுகள் ஒரு புள்ளியை நோக்கிச் சுருங்கும் முறையைச் சிற்பத்தில் முயன்று பார்த்த முதல் வேலைகளில் இது ஒன்று. ஜார்ஜ் சிலையும் இந்தப் பலகையும் மூலமாக இருப்பது பார்ஜெல்லோவில்.

இங்கிருந்து வடக்கே கால்சாயுவோலி தெருவில் சில நிமிடம் நடந்தால் பேராலயம். நேரே மணிக்கூண்டின் அடியில் போய் நின்று மேலே பாருங்கள். அறுகோணப் புடைப்புச் சிற்பங்களுக்கு மேலே, வெகு உயரத்தில், மாடங்களில் தீர்க்கதரிசிகள். எரேமியாவும் ஆபகூக்கும் உட்படச் சிலர் டொனாடெல்லோவின் கையால் ஆனவர்கள். இப்போது மேலே நிற்பவை பிரதிகள். கழுத்து வலிக்கும்வரை பார்த்துவிட்டு, பேராலயத்தின் பின்புறம் இருக்கும் அருங்காட்சியகத்துக்குப் போய் மூலச் சிலைகளுக்கு எதிரே நில்லுங்கள். ஆபகூக்கின் மண்டை வழுக்கை. ஊர்க்காரர்கள் அவரை சுக்கோனே, அதாவது பூசணித்தலையர் என்று அழைத்தார்கள். வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது. கண்குழிகள் பயமுறுத்துகிற ஆழம். தோளிலிருந்து தொங்கும் துணியில் அகலமான, முரட்டுத்தனமான வெட்டுகள். கிட்டத்தில் பார்க்கும்போது இவ்வளவு ஆழம் எதற்கு என்று தோன்றும். கீழே தெருவில் நின்று பார்த்தவர்களுக்கு விடை தெரியும்: இந்த ஆழம் இல்லாவிட்டால் அந்த உயரத்தில் நிழலே விழாது, முகமும் தெரியாது. டொனாடெல்லோ இந்தச் சிலையைச் செதுக்கும்போதே, பேசு, பேசு என்று அதட்டுவாராம். வசாரிதான் சொல்கிறார்.

அருங்காட்சியகத்திலேயே அமர்ந்த நிலையிலுள்ள புனித யோவானையும் தேடுங்கள். பேராலயத்தின் பழைய முகப்புக்காக 1408-இல் தொடங்கியது. நேராக நின்று பார்த்தால் இடுப்புக்கு மேல் உடம்பு நீண்டுவிட்டதாகத் தெரியும். முழங்காலை மடக்கிக் கீழே உட்கார்ந்து பாருங்கள், அளவு ஒழுங்காகிவிடும். காவலர் ஒருவேளை விசித்திரமாகப் பார்க்கலாம், பரவாயில்லை.

பாடகர் மாடங்கள் இரண்டு அங்கே எதிரெதிரே இருக்கின்றன. ஒன்று லூக்கா தெல்லா ரோபியா செய்தது: வழவழப்பாக, ஒவ்வொரு சிறுவனின் விரலும் தெரியும்படி. மற்றது டொனாடெல்லோ 1433-க்கும் 1439-க்கும் இடையே செய்தது: தூண்களுக்குப் பின்னால் குழந்தைகள் தலைதெறிக்க ஓடுகிறார்கள், பின்னணி முழுக்கக் கண்ணாடிச் சில்லுகள் மின்னுகின்றன, செதுக்கல் பல இடங்களில் முரடு. இருள் கவிந்த பேராலயத்தின் உயரத்தில் இருந்தபோது டொனாடெல்லோவுடையதே தெளிவாகத் தெரிந்திருக்கும் என்பது வசாரியின் தீர்ப்பு. நானும் அந்தக் கட்சி. 1688-இல், நகரை ஆண்ட மெடிச்சி குடும்பத்து இளவரசர் ஒருவரின் திருமணத்துக்காக இரண்டையும் பேராலயத்திலிருந்து கழற்றி இறக்கிவிட்டார்கள்.

பிறகு மகதலா மரியா. வெள்ளைப் பாப்லர் மரத்தில், ஆளுயரத்தில் நிற்கிறாள். பல ஆண்டு தவத்தில் சதை வற்றி, பல் உதிர்ந்து, தலைமுடியே ஆடையாகிவிட்ட ஒரு பெண். கூப்பவந்த கைகள் இன்னும் சேரவில்லை. இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி. சிலை முழுவதையும் தாங்குவது அந்த இடைவெளி என்று எனக்குத் தோன்றும். இதைச் செய்தபோது அவருக்கு ஐம்பதுக்கு மேல், ஒருவேளை அறுபதைத் தாண்டியும் இருக்கலாம். நெடுங்காலம் இவள் ஞானஸ்நான ஆலயத்துக்குள் நின்றாள். 1966 நவம்பர் 4-ஆம் தேதி ஆர்னோ ஆறு பெருக்கெடுத்து நகரை மூழ்கடித்தபோது சேறும் எண்ணெயும் கலந்த வெள்ளம் இவளையும் தொட்டது. சீரமைப்பில் பின்னாளில் பூசிய பழுப்புச் சாயத்தை நீக்கியதும், அடியில் தோலின் நிறமும் முடியில் தங்கமும் வெளிவந்தன. வெள்ளம் கொடுத்தது என்று சொல்ல மனம் வரவில்லை; அந்த வெள்ளம் புளோரன்ஸில் பறித்தவை மிக அதிகம்.

இனி பார்ஜெல்லோ. 1255-இல் தொடங்கிய கோட்டை போன்ற கட்டடம். நெடுநாள் சிறையாக இருந்து 19-ஆம் நூற்றாண்டில் அருங்காட்சியகமானது. காலையில் மாடத்தில் பிரதியாகப் பார்த்த ஜார்ஜை இங்கே மூலமாகப் பாருங்கள். அருகே இரண்டு தாவீதுகள். பளிங்குத் தாவீது 1408-இல் பேராலயத்தின் உச்சிக்கெனச் செய்தது. 1416-இல் நகர அரசு அதைத் தன் மாளிகைக்கு வாங்கிக்கொண்டது. வெண்கலத் தாவீது மெடிச்சிகளின் முற்றத்தில் நின்றது. பழைய ரோமுக்குப் பிறகு தனித்து நிற்கும் ஆடையற்ற வெண்கல உருவமாக வந்த முதல் பெரிய சிலை இதுதான் என்று கலை வரலாற்றாளர்கள் கருதுகிறார்கள். தொப்பியின் நிழலில் அவன் முகம் தாழ்ந்திருப்பதைச் செருக்கு என்றும் கனவு என்றும் எழுதியிருக்கிறார்கள். உயர்ந்த பீடத்தின் கீழ் முற்றத்தில் நிற்கிறவரை அவன் குனிந்து பார்க்கிறான் என்பதே எனக்குப் போதுமான விளக்கம்.

சாந்தா குரோச்சே ஆலயம் அங்கிருந்து பக்கம். உள்ளே சாம்பல் கல்லில் பொன் பூசிய மங்கள வார்த்தைச் சிற்பத்தையும் மரச் சிலுவையையும் தவறவிட வேண்டாம். அந்தச் சிலுவையைப் பார்த்துவிட்டு, குடியானவனைச் சிலுவையில் ஏற்றிவிட்டாயே என்று புரூனெல்லெஸ்கி சொன்னதாகவும், பதிலுக்குத் தானே ஒன்று செதுக்கிக் காட்டியதாகவும், அதைப் பார்த்த டொனாடெல்லோ மடியில் கட்டியிருந்த முட்டைகளைக் கைநழுவ விட்டதாகவும் ஒரு கதை. நண்பருடைய சிலுவை சாந்தா மரியா நொவெல்லாவில் இருக்கிறது. எனக்கு அந்தக் குடியானவனைத்தான் பிடிக்கும்.

1443-இல் அவர் பதுவா நகரத்துக்குப் போய்ப் பத்தாண்டு தங்கினார். படைத்தலைவர் கத்தமெலாத்தாவைக் குதிரைமேல் ஏற்றி வெண்கலத்தில் வார்த்தது அங்கேதான். பதுவாக்காரர்கள் ஓயாமல் புகழ்ந்ததால் வித்தை மறந்துவிடும் என்று பயந்து, குறை சொல்லும் ஊருக்கே திரும்பிவிட்டார் என்று வசாரி எழுதுகிறார். திரும்பி வந்தபின் செய்த யூதித்து, சிஞ்ஞோரியா சதுக்கத்தில் உள்ள பழைய அரண்மனைக்குள் இருக்கிறாள், வெளியே பிரதி. குடிபோதையில் சாய்ந்த ஒலோபெரினின் முடியைப் பிடித்து, வாளை ஓங்கி நிற்கிறாள். அவளுடைய முக்காட்டுக்கு உண்மையான துணியையே மெழுகில் தோய்த்து வார்த்திருக்கிறார். மெடிச்சிகளின் தோட்டத்தில் நின்றவள் இவள். 1494-இல் மக்கள் மெடிச்சிகளைத் துரத்தினார்கள். மறு ஆண்டே இவளைச் சதுக்கத்துக்குத் தூக்கிவந்து, கொடுங்கோலர்களுக்கு எச்சரிக்கையாக அரசு மாளிகையின் வாசலில் நிறுத்தினார்கள். சிலை மாறவில்லை, இடம் மாறியது, பொருள் தலைகீழானது.

கடைசியாக சான் லொரென்சோ. முகப்பே கட்டி முடிக்கப்படாத, மெடிச்சிகளின் ஆலயம். அவர்களில் மூத்தவரான கோசிமோ டொனாடெல்லோவைக் கடைசிவரை ஆதரித்தார். டொனாடெல்லோ தன் பணத்தைக் கூரையிலிருந்து தொங்கிய கூடையில் போட்டுவைப்பார், சீடர்களும் நண்பர்களும் கேட்காமலே எடுத்துக்கொள்வார்கள் என்று சொல்லப்படுகிறது. கோசிமோ 1464-இல் இறந்தார். டொனாடெல்லோ 1466 டிசம்பர் 13-இல். இந்த ஆலயத்தின் நிலவறையில் அவர் கோசிமோவுக்கு அருகில் அடக்கமாகியிருக்கிறார்.

நடுக்கூடத்தின் இருபுறமும் தூண்கள் மேல் நிற்கும் இரண்டு வெண்கலப் பிரசங்க மேடைகள்தான் அவருடைய கடைசி வேலை. ஒரு பலகையில் 1465 ஜூன் 15 என்ற தேதி இருக்கிறது. அப்போது அவருக்கு எண்பது நெருங்கிக்கொண்டிருந்தது. உயிர்த்தெழும் கிறிஸ்துவைப் பாருங்கள். பிணத்துணி இன்னும் உடம்பில் சுற்றியிருக்கிறது. கல்லறையிலிருந்து ஏறிவரும் காலில் சாவின் பாரம் அப்படியே இருக்கிறது. வெற்றிக்கொடி பிடித்துப் பறக்கும் கிறிஸ்துவைத் தேடி வந்தவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். மறுமலர்ச்சிக் காலத்தில் இவ்வளவு துணிச்சலான உயிர்ப்புக் காட்சி வேறில்லை என்பேன். பல இடங்களில் வெண்கலம் வழவழப்பாகத் தேய்க்கப்படாமல் இருக்கிறது. மிச்ச வேலையை உதவியாளர்கள் முடித்தார்கள். அவர்களில் ஒருவரான பெர்தோல்தோ பின்னாளில் மெடிச்சிகளின் சிற்பத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார். இளம் மைக்கேலாஞ்சலோ அங்கேதான் பயின்றார்.

அந்த மைக்கேலாஞ்சலோ செய்த கல்லறைகளைப் பார்க்கப் பின்புற வாசலுக்கு, தனிச் சீட்டு வாங்கி, பெருங்கூட்டம் போகும். நீங்களும் போங்கள். அதற்கு முன் இந்த இரண்டு மேடைகளுக்கும் அரை மணி நேரமாவது கொடுங்கள். பலகைகள் உயரத்தில் இருக்கின்றன, வெளிச்சமும் போதாது. சிறிய தொலைநோக்கி ஒன்றைக் கையோடு எடுத்துப் போவது நல்லது.